நாலாம் பூசைக்குப் பொரியும் முட்டை

எனக்கு யாரையும் நம்ப வராது. இதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை. சிலருக்குக் கத்திரிக்காய் ஒத்துக்கொள்ளாது, எனக்கு மனிதர்கள் ஒத்துக்கொள்வதில்லை. பால்காரர் செம்பைச் சாய்க்கும்போது நான் பாலைப் பார்ப்பதில்லை, அவர் முகத்தைப் பார்ப்பேன். மீன்காரி இது இன்றைய மீன் என்று சொன்னால் செவுளைத் தூக்கிப் பார்த்த பிறகும் திருப்தி வராது. கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்த புதிதில், என் வீட்டுக்காரர் கருப்பட்டிக் கடையிலிருந்து அரை மணி தாமதமாக வந்தால் எந்தத் தெரு வழியாக வந்தீர்கள் என்று கேட்பேன். நல்ல மனிதர். தெருவின் பெயரைச் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடுவார்.

இப்படிப்பட்டவளுக்கு வான்கோழி வளர்க்கும் யோகம் யுத்த காலத்தில் வந்தது.

பக்கத்து வீட்டில் ஒரு வேதக்கார அக்கா இருந்தார், மாதா கோவிலுக்குப் போகிற கிறிஸ்தவர். பெரியதாழையில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர். அவருடைய கணவர் கொழும்புக்குத் தோணியில் போய் வருகிறவர், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். ஒரே மகன் பட்டாளத்தில் லாரி ஓட்டப் போயிருந்தான். துறைமுகத்துப் பக்கம் ஒரு துரை பங்களாவில் சமையல் செய்த பட்லர் அக்காவுக்கு உறவு. ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று ஊரெல்லாம் பேச்சாகி, அந்தத் துரை குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு போனபோது, அங்கே வளர்ந்த வான்கோழிச் சேவல் ஒன்றும் பெட்டை ஒன்றும் பட்லர் கைமாற்றி அக்காவின் புறவாசலுக்கு வந்து சேர்ந்தன. எங்கள் இரண்டு புறவாசலுக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர்தான்.

சேவலைப் பார்த்த முதல் நாளே எனக்கு அதைப் பிடிக்கவில்லை. மூஞ்சி சிவப்பாக இருக்கும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலமாகும், அப்புறம் வெளிறிப் போகும். நிமிடத்துக்கு ஒரு நிறம் காட்டுகிற முகத்தை எப்படி நம்புவது? பேர் என்னவோ வான்கோழி, அந்த இடுப்பளவுச் சுவரைத் தாண்டக்கூட இரண்டு தடவை யோசிக்கும். துறைமுகத்தில் கப்பல் ஊதினால் பதிலுக்கு இதுவும் தொண்டையைக் குலுக்கிக் கத்தும். ஊர் இருக்கிற நிலைமையில் இது யாருக்குத் தகவல் சொல்லுகிறது என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"ஏளா, அது ஜப்பான் பாசையா இருக்காது. துரை வீட்டுல வளந்தது, இங்கிலீசுலதான் பேசும்" என்றார்.

அக்காவுக்கு அந்தச் சேவல்மேல் உயிர். அதற்குக் காரணம் உண்டு. மகன் உடம்பில் காயமில்லாமல் ஊர் வந்து சேர்ந்தால், கோவில் திருவிழாவில் ஊருக்கே போடுகிற அசனச் சாப்பாட்டுக்கு அந்தச் சேவலைக் கொடுப்பதாக நேர்ந்திருந்தார். நாட்டுச் சேவல் என்றால் எல்லோரும் கொடுப்பார்கள். வான்கோழிச் சேவல் கொடுக்கிறேன் என்று மாதாவிடம் வாயால் சொல்லிவிட்டார், இனி மாற்ற முடியாது.

அந்தச் சேவல் ஒரு நாள் காலையில் காலை நீட்டிக்கொண்டு கிடந்தது. காயம் இல்லை, கடி இல்லை. அதற்குப் பின் இரண்டு வாரம் பெட்டை மட்டும் விறகுக்கட்டுக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து முட்டையிட்டது. ஏழு முட்டை ஆனபோது பெட்டையை நாய் கொண்டுபோய்விட்டது. கடைசியில் மிஞ்சியது அந்த ஏழு முட்டைதான். தூத்துக்குடியில் வேறு யார் வீட்டிலும் வான்கோழி இருப்பதாக அப்போது தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து, தலையில் போட்ட முக்காட்டை எடுக்காமலேயே அக்கா எங்கள் புறவாசலுக்கு வந்தார். கையில் ஓலைப்பெட்டி.

"ஏளா, உன் கருங்கோழி அடைக்கு உக்காந்திருக்குல்லா? இத அதுக்கு வச்சுவிடு. வாரத்துக்குத் தாரேன். பொரியதுல உனக்குப் பாதி, எனக்குப் பாதி."

எங்கள் பக்கத்தில் ஆட்டையும் மாட்டையும் வாரத்துக்கு விடுவார்கள். ஆடு ஒருவருடையது, வளர்க்கிற பாடு இன்னொருவருடையது, ஈன்ற குட்டியில் ஆளுக்குப் பாதி. முட்டையை யாரும் வாரத்துக்கு விட்டு நான் கேட்டதில்லை. தெருவில் இத்தனை வீட்டில் கோழி இருக்கும்போது இவர் ஏன் என்னிடம் வருகிறார் என்று உடனே மனசு குடைந்தது. ஆனால் எனக்கு ஆசையும் இருந்தது, அதை மறைத்துப் பயனில்லை. தெருவிலேயே வான்கோழி வைத்திருக்கிற வீடு எங்கள் வீடு என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்று இருந்தது. புள்ளி புள்ளியாகப் பெரிதாக இருந்த அந்த முட்டைகளை வாங்கிக்கொண்டேன்.

"எப்பம் பொரியும்?" என்று கேட்டேன்.

"நாலாம் பூசைக்குப் பொரிஞ்சுரும்" என்றார்.

கூடையில் மணல் பரப்பி, வைக்கோல் போட்டு, இடிச் சத்தத்தில் முட்டை கெடாமல் இருக்க ஒரு துருப்பிடித்த ஆணியைச் சொருகி, கருங்கோழியை ஏழு முட்டைமேல் உட்கார வைத்தேன். கோழிக்கு முட்டை பெரிதாக இருந்தது. இறக்கையை அகட்டி, கொஞ்சம் தத்தளித்து, பிறகு உட்கார்ந்துவிட்டது.

நான் நாளை எண்ணினேன். எங்கள் வீடுகளில் எதை எண்ணினாலும் ஆரம்ப நாளையும் சேர்த்துத்தான் எண்ணுவோம். பிள்ளை பிறந்த நாள்தான் முதல் நாள், ஆள் போன நாளும் முதல் நாள்தான். பதினாறு என்றால் அதையும் சேர்த்துப் பதினாறு. ஆகவே அடைவைத்த ஞாயிறு முதல் பூசை, அடுத்தது இரண்டு, அதற்கடுத்தது மூன்று, அதற்கும் அடுத்த ஞாயிறு நாலாம் பூசை. எண்ணிப் பார்த்தால் சரியாக இருபத்தொரு நாள் கழிந்திருக்கும். நாட்டுக்கோழி முட்டைக்கும் அதே இருபத்தொரு நாள்தானே. கணக்கு இரண்டு பக்கமும் பொருந்தியதால், சந்தேகப்படவே பிறந்த நான் இந்த ஒன்றில் மட்டும் சந்தேகப்படவில்லை.

அக்கா தினமும் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, "கோழி இரைக்கு எந்திரிச்சுதா?" என்று கேட்பார். கேட்காமல் இருந்தால் அக்கறை இல்லை என்று நினைத்திருப்பேன். கேட்டதால், முட்டை குறைகிறதா என்று வேவு பார்க்கிறார் என்று நினைத்தேன். கீழவைப்பாரிலிருந்து மீன் கொண்டுவருகிற பெண் கூடையை இறக்கி வைத்துவிட்டு அடைக்கோழியை எட்டிப் பார்த்தாள்.

"பங்களாக் கோழி முட்டையா? சும்மாவா குடுத்தாவ? வெந்நில ஒரு முக்கு முக்கிட்டுக் குடுத்திருப்பாவ, பாத்துக்கிடுங்க. நல்ல ரகம் அடுத்த வீட்டுல பெருகவா விடுவாவ?"

அவள் பேச்சுக்குச் சொல்லிவிட்டு மீனை எடுத்துப் போட்டாள். எனக்கு அது நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. பாதி அக்காவுக்கும் உண்டே, தன் பாதியை அவரே ஏன் கெடுக்க வேண்டும் என்று ஒரு நல்ல கேள்வி எனக்கும் வந்தது. அதற்குப் பதிலையும் நானே கண்டுபிடித்தேன். முட்டை பொரியாமல் போனால் என் கோழி சரியாக அடைகாக்கவில்லை என்று பழி வரும். ஈடாகக் கருங்கோழியைக் கேட்பார். அவருக்குக் கண் கருங்கோழிமேல்தான். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு என் புத்தியை நினைத்துப் பெருமையாகக்கூட இருந்தது.

என்னுடைய கணக்கில் மூன்றாம் பூசை தாண்டிய வெள்ளிக்கிழமை, அக்கா சிறிய மூட்டையோடு வந்து நின்றார்.

"தங்கச்சிக்கு வலி எடுத்துட்டாம். பெரியதாழைக்குப் போயிட்டு வாரேன். நாலாம் பூசைக்கு முன்ன இங்கன வந்துருவேன். கோழியப் பாத்துக்கிடு, என்ன?"

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கோவில் மணி அடித்தது. கருங்கோழி அசையாமல் உட்கார்ந்திருந்தது. வயிற்றுக்கு அடியில் காதை வைத்துக் கேட்டேன், கீச்சென்று ஒரு சத்தம் இல்லை. அக்காவும் வரவில்லை. திங்கள் போயிற்று, செவ்வாய் வந்தது. முட்டையும் பொரியவில்லை, ஆளும் இல்லை. பொரியாது என்று தெரிந்துதான் ஊரைவிட்டுப் போயிருக்கிறார் என்று எனக்குத் தீர்மானமாகிவிட்டது. தங்கச்சிக்கு உண்மையிலேயே பிள்ளை பிறந்ததா என்றுகூட யோசித்தேன்.

எனக்கு ஆதாரம் வேண்டியிருந்தது. அக்கா திரும்பி வரும்போது, இந்தா பார் உன் கூமுட்டை என்று முகத்துக்கு நேரே காட்ட வேண்டும். என் வீட்டுக்காரர் கடைக்குப் போனதும் கோழியைச் சற்றே தூக்கி ஒரு முட்டையை எடுத்தேன். வெயிலில் பிடித்துப் பார்த்தேன். உள்ளே ஒளி புகவே இல்லை, ஒரே இருட்டு. கெட்டுக் கறுத்துவிட்டது என்று முடிவு செய்துகொண்டேன். நாற்றத்துக்கு மூக்கைச் சேலையால் பொத்திக்கொண்டு, துவைகல் விளிம்பில் தட்டினேன்.

நாற்றம் இல்லை. உள்ளே குஞ்சு இருந்தது. ஈர மயிர் உடம்போடு ஒட்டியிருந்தது. கண் மூடியிருந்தது. வயிற்றுக்கு அடியில் மஞ்சள் கரு கொஞ்சம் இன்னும் உள்ளே போகாமல் இருந்தது. அலகு மட்டும் திறந்து திறந்து மூடியது. ஓட்டின் இரண்டு பாதியையும் சேர்த்து மூடினால் சரியாகிவிடுமோ என்று இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். கையில் அது அசைவது தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

என்னை நானே அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அடித்துக்கொள்ளவில்லை. முதலில் செய்தது, யாராவது பார்த்தார்களா என்று சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததுதான். முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தேன், ஓட்டை நொறுக்கி மண்ணோடு கலந்தேன். கல்லைக் கழுவினேன். கணக்கில் எங்கே பிசகினேன் என்பது அப்போதும் எனக்குப் புரியவில்லை. அக்கா வெந்நீரில் முக்கவில்லை என்பது மட்டும் புரிந்தது.

அக்கா சனிக்கிழமை சாயங்காலம் வந்து சேர்ந்தார். தங்கச்சிக்குப் பெண் குழந்தை. மூட்டையை வீட்டில் வைக்காமலே சுவரோரம் வந்தார்.

"நாளைக்கு நாலாம் பூசை. ஓட்டுல கீறல் விழுந்திருக்கா, பாத்தியா?"

"நாலாம் பூசை போன ஞாயித்துக்கிழமைல்லா?" என்றேன்.

"அது மூணுல்லா? அடைவச்ச அன்னைக்கு நான் பூசை கண்டுட்டுத்தான வந்தேன். முடிஞ்ச பூசைய எப்படிளா சேக்க? நாட்டுக்கோழிக்கு மூணு பூசை, வான்கோழிக்கு நாலு. பங்களாவுல அப்படித்தான் சொல்லுவாவ." விரல் கணுவில் எண்ணிக் காட்டினார். "இப்பம் கோழியத் தூக்காத. கடைசி நாள் தூக்கக் கூடாது."

மறுநாள் கோவில் மணி அடிக்கும் முன்பே கருங்கோழியின் அடியில் சத்தம் கேட்டது. மத்தியானத்துக்குள் ஆறு குஞ்சு. மிஞ்சிய ஆறு முட்டையில் ஒன்றுகூடக் கெடவில்லை. அக்கா குனிந்து பார்த்தார், கூடைக்குள் கையை விட்டு வைக்கோலைத் தடவிப் பார்த்தார்.

"ஏழுல்லா வச்சோம்?"

"ஒண்ணு கூமுட்டை. நாத்தம் எடுத்துது. தூக்கிப் போட்டுட்டேன்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்ப்பார் என்று காத்திருந்தேன். நானாக இருந்தால் பார்த்திருப்பேன். எந்த நாள் போட்டாய், எங்கே போட்டாய், ஓட்டைக் காட்டு என்று கேட்டிருப்பேன். அக்கா பார்க்கவே இல்லை.

"அது கடைசியா இட்ட முட்டையா இருக்கும். சேவல் செத்து ரெண்டு வாரம் ஆயிட்டுல்லா, சத்து இருந்திருக்காது. குறை என் முட்டையிலதான். உன் கோழி பாவம், சும்மா சூடு குடுத்திருக்கு. நீ நாலு வச்சுக்கிடு, எனக்கு ரெண்டு போதும்."

வேண்டாம் அக்கா என்று ஒரு தடவை சொன்னேன். ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். நாலையும் வாங்கிக்கொண்டேன்.

வான்கோழிக் குஞ்சு மாதிரி ஒரு மந்தப் பிறவியை நான் பார்த்ததில்லை. தட்டு நிறைய இரை இருந்தாலும் அதன் பக்கத்திலேயே நின்று பட்டினி கிடக்கும். அக்காதான் வழி சொன்னார். வெந்த முட்டையும் வெங்காயத் தாளும் பொடிப்பொடியாக நறுக்கி வைத்து, கூடவே ஒரு நாட்டுக்கோழிக் குஞ்சை விட்டேன். அது கொத்துவதைப் பார்த்துத்தான் இவை கொத்தக் கற்றுக்கொண்டன. ஈரம் துளியும் ஆகாது. ஒரு மழையில் சுவரோரம் நனைந்த ஒன்று மறுநாள் செத்தது. மற்ற மூன்றும் பிழைத்தன.

அந்த மாதங்களில் எனக்கு நிம்மதி இல்லை. அக்கா முருங்கைக்கீரை கேட்டு வந்தால், மரத்தடி மண்ணைப் பார்க்க வந்தாரோ என்று இருக்கும். "உன் கோழிக நல்லாருக்கு" என்றால், அதில் ஏதாவது குத்தல் இருக்கிறதா என்று சொல் சொல்லாகப் பிரித்துப் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. அக்கா எப்போதும் நினைப்பதைத்தான் சொல்லுவார், அதை நம்பத்தான் எனக்குத் தெரியவில்லை.

நாலைந்து மாதத்தில் சேவல் எது, பெட்டை எது என்று தெரிந்தது. அக்காவிடம் இருந்த இரண்டும் பெட்டை. என்னிடம் இரண்டு சேவல், ஒரு பெட்டை. அந்தச் சமயத்தில்தான் மகன் லீவில் வருகிறான் என்று கார்டு வந்தது. திருவிழாவுக்குப் பத்து நாள்கூட இல்லை. அக்கா என்னிடம் சேவல் கேட்கவில்லை. பங்களாப் பக்கம் போய் விசாரித்தார், பட்லருக்குச் சொல்லி அனுப்பினார். பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் யாரோ வளர்ப்பதாகக் கேள்விப்பட்டு வெயிலில் போய்விட்டு வெறுங்கையோடு வந்தார். ஏன் என்னிடம் கேட்கவில்லை என்று கோபமாக வந்தது. கேட்டால் நான் மறுப்பேன் என்று நினைத்தாரா? பிறகு என் வீட்டுக்காரர்தான் சொன்னார்.

"உன் பங்கு உனக்குன்னு பிரிச்சுக் குடுத்தாச்சுல்லா. அதப் போய் எப்படிக் கேப்பாவ?"

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. பெரிய சேவலாகப் பார்த்துக் காலைக் கட்டி, தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். குசினி வாசலில் உட்கார்ந்து சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சேவலைக் கீழே வைத்துவிட்டு நின்றபடியே சொன்னேன்.

"அக்கா, அந்த ஏழாவது முட்டை கூமுட்டை இல்ல. நாந்தான் ஒடச்சேன். நீங்க வெந்நில முக்கித் தந்துட்டீகன்னு நெனச்சேன்."

சுளகு நின்றது.

"உயிர் இருந்துதா?" என்று கேட்டார்.

"இருந்துது."

நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு, "நான் எதுக்குளா வெந்நில முக்கப் போறேன்?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார். உங்களுக்குக் கண் என் கருங்கோழிமேல் என்று நினைத்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"சேவல அங்கன கட்டிட்டுப் போ" என்றார்.

வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டேன். அவ்வளவு நாள் மனசில் கிடந்ததை இறக்கி வைத்த சுகம். அதை எங்கே இறக்கி வைத்தேன் என்று அன்றைக்கு யோசிக்கவில்லை.

மகன் நல்லபடியாக வந்தான். சேவலைக் கோவிலுக்குக் கொடுத்தார்கள். அசனச் சோறு எங்கள் வீட்டுக்கும் ஒரு பாத்திரத்தில் வந்தது. அக்கா பழையபடி பேசினார், சிரித்தார், பெரியதாழைக் குழந்தைக்குப் பல் முளைத்ததைச் சொன்னார். எந்த வித்தியாசமும் இல்லை என்றுதான் நினைத்தேன்.

அவருடைய பெட்டைகளை என்னிடம் மிஞ்சிய சேவலோடு சேர்த்துவிட்டிருந்தோம். அவை முட்டையிடத் தொடங்கியபோது என் கருங்கோழியும் மறுபடி அடைக்கு உட்கார்ந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அக்கா ஓலைப்பெட்டியோடு வந்தார். ஒன்பது முட்டை.

"இருபத்தெட்டு நாள்" என்றார். "இன்னையச் சேக்காம."

பூசை என்று சொல்லவில்லை. நான் தலையாட்டிக்கொண்டு முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் வைத்தேன். இரண்டாவதை எடுக்கும்போதுதான் கவனித்தேன். ஒவ்வொரு முட்டையிலும், புள்ளிகளுக்கு நடுவில், கரித்துண்டால் சின்னதாக ஒரு சிலுவை போட்டிருந்தது. ஒன்பதிலும் இருந்தது. முதல் தடவை தந்த முட்டைகளில் அப்படி எதுவும் இல்லை.

குஞ்சு நல்லபடியாகப் பொரிய வேண்டும் என்று ஜெபம் சொல்லிப் போட்டதா, இவள் முட்டையை மாற்றிவிடக் கூடாது என்று அடையாளத்துக்குப் போட்டதா? அக்கா பக்கத்தில்தான் நின்றார். கேட்டிருக்கலாம். அதன் பிறகும் எத்தனையோ வருஷம் பக்கத்து வீட்டில்தான் இருந்தார், எந்த நாளும் கேட்டிருக்கலாம். அவருக்குப் பொய் சொல்ல வராது. அதனால்தான் நான் கேட்கவே இல்லை.